நன்னடத்தை எனும் பிரதி

ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நம் அலுவலகத் தமிழில் இரண்டு பெயர்கள். அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்தவர் 'புரொபேஷனில்' இருந்தால் அது தகுதிகாண் பருவம். குற்றவாளி என்று முடிவாகி, சிறைக்கு அனுப்பப்படாமல் வெளியே விடப்பட்டவர் அதே 'புரொபேஷனில்' இருந்தால் அது நன்னடத்தை. முதலாமவர் சோதிக்கப்படுகிறார் என்பதை மொழி ஒப்புக்கொள்கிறது. இரண்டாமவர் விஷயத்தில் சோதனையை ஒளித்துவிட்டு ஒழுக்கத்தை முன்னால் நிறுத்துகிறது. யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது ஒரு நீதிமன்ற வராந்தாவில். எங்கள் பகுதிப் பையன், இருபத்திரண்டு வயசு. ஒரு திருட்டு வழக்கில் குற்றவாளி என்று தீர்மானித்து, 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பிரிவு 4இன் கீழ் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டிருந்தார்கள். பத்தாவது மாசம் இன்னொரு திருட்டு வழக்கில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் அம்மா சொன்னார்: "அவன் எடுத்தானான்னு ஸ்டேஷன்ல யாரும் கேக்கல தம்பி. இவன் மேல ஏற்கெனவே கேஸ் இருக்கான்னுதான் கேட்டாங்க." பக்கத்தில் நின்றிருந்த வக்கீல் குமாஸ்தா, "இனிமே பழைய கட்டுக்கு உயிர் வந்துரும்" என்றார்.

எப்படி உயிர் வருகிறது? பிரிவு 4ஐ ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். குற்றவாளியை மன்னிப்பதாக அதில் எங்குமே இல்லை. 'உடனடியாக'த் தண்டிப்பதற்குப் பதிலாக விடுவிக்கலாம் என்கிறது. அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்தில் கூப்பிட்டால் வந்து தண்டனையை வாங்கிக்கொள்கிறேன் என்று அவனே கையெழுத்துப் போடுகிறான். எவ்வளவு தண்டனை என்பது அவனுக்குச் சொல்லப்படவில்லை. தொகை எழுதாத காசோலை போலத்தான்.

பிரிவு 9 அதை மாற்றும் இடம். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையின் பேரிலோ 'வேறு வகையிலோ' பத்திர நிபந்தனை மீறப்பட்டதாக நம்பக் காரணம் இருந்தால் நீதிமன்றம் பிடிவாரண்ட் பிறப்பிக்கலாம், அல்லது அவனுக்கும் ஜாமீன்தாரருக்கும் சம்மன் அனுப்பலாம். விசாரணை முடியும்வரை காவலிலும் வைக்கலாம். இந்த 'வேறு வகையிலோ'தான் போலீஸ் உள்ளே நுழைகிற வாசல். கைது என்பதே மீறல் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் கைது ஒரு 'காரணமாக' வந்து நின்றுவிடுகிறது. புதிய வழக்கில் குற்றப்பத்திரிகை வேண்டும், சாட்சி வேண்டும், சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். பழைய வழக்கிலோ குற்றம் ஏற்கெனவே முடிவான சங்கதி. மீறினான் என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும். புதிய வழக்கு முடியும்வரை காத்திரு என்று பிரிவு 9 கட்டளையிடவுமில்லை. ஆக, நிரூபிக்கப்படாத இரண்டாவது குற்றத்துக்காக ஒருவன் முதல் குற்றத்தின் பெயரில் உள்ளே போகலாம்.

இன்னொன்றும் போகிறது. இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்பது பிரிவு 12. பழைய குற்றத்துக்குப் பிற்பாடு தண்டனை விதிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

நம் வக்கீல்கள் அதிகம் எடுத்துப் பேசாத ஒரு வரியும் அங்கேயே இருக்கிறது. முதல் தடவை மீறியவருக்குப் பத்திரத்தைத் தொடரவிட்டு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விடலாம். 1958இல் எழுதிய தொகை. இந்த ஐம்பது ரூபாயைக் கேட்டு வாதாடலாமே என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். சிரித்தார்.

நவீன தண்டனை முறை செயலை விட்டுச் செய்தவனின் வாழ்க்கையைப் பிடித்துக்கொள்கிறது என்று 1975இல் ஃபூக்கோ எழுதியதை நாம் மேடைக்கு மேடை சொல்லியாயிற்று. சிறையைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் சொல்கிறோம். சிறைக்கு மாற்று என்று நாமே கைதட்டி வரவேற்கும் ஏற்பாட்டிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சிறையைவிட இது மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் மகனாக இருந்தால் நானும் பத்திரத்தைத்தான் கேட்பேன்.

இதற்குப் பக்கத்து வீடு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 110. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் அது 129. இங்கே நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்திருக்கவே வேண்டாம். வழக்கமாகக் குற்றம் செய்கிறவர் என்று தகவல் வந்தாலே நன்னடத்தைப் பத்திரம் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2013, 2014ஆம் ஆண்டு அரசாணைகள் காவல் துணை ஆணையர்களையே நிர்வாக நடுவர்களாக்கின. பத்திரம் கேட்பது, மீறினான் என்பது, உள்ளே அனுப்புவது எல்லாம் ஒரே இலாகா. 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அரசாணைகள் செல்லாது என்றது. போலீஸும் தீர்ப்பும் ஒரே நாற்காலியில் உட்காரக்கூடாது என்பது அந்த வழக்கில் வெளிப்படையாகத் தெரிந்தது. பிரிவு 9இல் நாற்காலிகள் தனித்தனி. அதனால்தான் அங்கே கைது எப்படித் தீர்ப்பாக மாறுகிறது என்பது நம் கண்ணில் படுவதில்லை.

பையனின் பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்த அன்று ஜாமீன்தாரரான அவன் மாமாவுக்கும் சம்மன் வந்திருந்தது. அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைய வாடகையைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்திருந்தார். புதிய வழக்கில் அன்றுவரை குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை.