சாதுவன் பேசிய பாஷை

என் நண்பர் ஒருவர் பத்து நாள் தியான முகாமுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரண மனுஷர். வரும்போது கையில் புத்தரைப் பற்றி நாலு புத்தகம். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. மீன் குழம்பு பரிமாறிய மனைவியிடம் துக்கத்தின் காரணம் பற்றி அரை மணி நேரம் பேசியிருக்கிறார். அந்தம்மா, "காரணம் என் எதிர்லயே உட்கார்ந்திருக்கு"ன்னு சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். "யாருக்கும் கேட்கிற பக்குவமே இல்லை சார்" என்று என்னிடம் புலம்பினார்.

மணிமேகலையில் பதினாறாவது காதையைப் படியுங்கள் என்றேன்.

மணிமேகலை என்றாலே நமக்கு அமுதசுரபிதான். பள்ளிக்கூடப் பாடம் அதோடு முடிந்துவிடும். 1898-ல் உ.வே.சா. பதிப்பித்த காவியம், மொத்தம் முப்பது காதைகள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... பி.காம். படித்த எனக்கு இருபத்தொன்பதாவது காதை, காஸ்ட் அக்கவுண்டிங்கைவிடக் கஷ்டமாக இருந்தது. அறவண அடிகள் தர்க்கத்தில் வரும் பிழைகளை வகை வகையாக அடுக்கிக்கொண்டே போகிறார். மணிமேகலை கேட்கிறாள். ஏற்கெனவே ஒப்புக்கொண்டவளுக்கு நடத்துகிற டியூஷன் அது.

பதினாறாவது காதை வேறு ரகம். ஆதிரையின் புருஷன் சாதுவன், கணிகை வீட்டிலும் சூதாட்டத்திலும் காசைத் தொலைத்த வியாபாரி. பிழைக்கக் கப்பல் ஏறுகிறான், கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நாகர் மலையில் கரை ஒதுங்குகிறான். அங்கே இருப்பவர்கள் ஆடை உடுத்தாத, மனித மாமிசம் தின்கிற கூட்டம். அசந்து தூங்குகிறவனை 'நல்ல சாப்பாடு' என்று எழுப்புகிறார்கள். அவன் வாய் திறந்து அவர்கள் பாஷையிலேயே பேசுகிறான். அவ்வளவுதான், கும்பல் ஒதுங்கி நிற்கிறது. தலைவனிடம் கூட்டிப் போகிறது.

தலைவன் கெட்டவன் இல்லை. பசித்து வந்தவனுக்குக் கள், மாமிசம், ஒரு பெண் என்று தாராளமாக உபசாரம் செய்யச் சொல்கிறான். சாதுவன் மறுக்க, அவனுக்குக் கோபம். இதெல்லாம் இல்லாமல் உலகத்தில் என்ன சுகம், காட்டு பார்ப்போம்! சாதுவன் வினை, மறுபிறவி என்று ஆரம்பிக்கிறான். தலைவன் சிரிக்கிறான். சாதுவன் கோபித்துக்கொள்ளவில்லை. செத்த உடம்பைத் தீயில் போட்டாலும் அதற்குத் தெரிவதில்லை. அப்படியானால் ஏதோ ஒன்று போய்விட்டது. கனவில் நாம் எங்கெங்கோ போய் வருவதில்லையா? இவ்வளவுதான் அவன் வாதம்.

பௌத்தப் பண்டிதர் கேட்டால் முகம் சுளிப்பார். உடம்பை விட்டு இன்னொரு கூடு தேடிப்போகிற நிலையான உயிர் என்று ஒன்றைப் புத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. சாத்தனாருக்கு இது தெரியாமலா இருக்கும்? கடைசிக் காதையில் பன்னிரண்டு சார்புகளையும் விளக்குகிறவர் ஆயிற்றே. தெரிந்தேதான் சாதுவனைப் பாமரனாகப் பேச விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். தலைவன் காலில் விழுந்து, கள்ளையும் மாமிசத்தையும் விட்டால் உயிர் வாழத் தெரியாதே, எங்களால் முடிந்த தர்மம் எதுவோ அதைச் சொல் என்கிறான். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதே, காப்பாற்று. மூப்பில் செத்த மிருகம் தவிர வேறு எந்த உயிருக்கும் கெடுதல் செய்யாதே என்கிறான் சாதுவன். கள்ளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! மாமிசத்தில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு, கொலையில் மட்டும் தள்ளுபடி கிடையாது. சாத்தனார் மதுரைக் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. எதிராளியின் வசதி பார்த்துப் பேரம் முடிக்கிற கடைவீதி அனுபவம் இந்தக் காட்சியில் தெரிகிறது.

குறையும் இருக்கிறது. நாகர்களைக் கரடிக்கு ஒப்பிட்டு, எலும்பும் நாற்றமுமாக வர்ணிக்கிறார். மலைவாசி என்றால் காட்டுமிராண்டி என்கிற நகரத்துப் பார்வை அது. இத்தனை பேசுகிற தலைவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

நண்பர் படித்துவிட்டு போன் செய்தார். வாசனை மரம், துணிமணி, செல்வம் எல்லாம் தந்து சாதுவனை அனுப்புகிறான் அல்லவா தலைவன்? முன்னால் நாங்கள் தின்றவர்களுடைய பொருள் இது என்று அவனே சொல்லித்தான் தருகிறான்.

"அதை எப்படி சார் வாங்கிக்கிட்டு வந்தான்?" என்றார் நண்பர்.

எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.