தன் பாட்டும் தன் செவியும்

காக்கைக்குந் தன் குஞ்சு பொன்குஞ்சு என்னும் பழமொழி, தன் பாட்டைத் தானே மதிப்பிடுவார்க்கும் பொருந்துமென்பர். அது பாதியுண்மையே.

அமெரிக்கப் பெண்மணி புளோரன்ஸ் பொஸ்ரர் ஜென்கின்ஸ் சுருதியும் தாளமும் வழுவப் பாடியவர். அழைக்கப்பெற்ற நண்பர் நடுவே நெடுங்காலம் பாடிக் கரவொலி கேட்டுப் பழகிய அவர், இசைத்தட்டுக்களும் வெளியிட்டு, 1944 ஒக்ரோபர் 25 இல் நியூயோர்க் கார்னெகி மண்டப மேடையேறினார். விமரிசகர் எள்ளி நகைத்தனர்.

எனினும், மிகைபட மதிப்போரினும் குறைபட மதிப்போரே இரங்கத்தக்கார். பாடுங்கால் நம் குரல் காற்றின்வழி மட்டுமன்றித் தலையெலும்பின்வழியும் உட்செவியை அடைகின்றது. ஆதலின் ஒலிப்பதிவிற் கேட்குங்கால் அது பிறர் குரல்போலத் தோன்றுகின்றது. பலர் அன்றோடு பாடுதலையே விடுகின்றனர். கனடாவிற் பல்கலைக்கழக மாணவரிடை நிகழ்ந்து 2005 இல் வெளிவந்த ஆய்வொன்று, இசைச்செவி தமக்கில்லையென்றோருட் பெரும்பாலார் சுரவேறுபாட்டை நன்குணர்ந்தனர் எனக் காட்டிற்று. குரலின் பயிற்சிக்குறையைச் செவிமேல் ஏற்றினர் போலும்.

இருசாரார்க்கும் புறத்தேயோர் அளவுகோல் வேண்டும். சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்ற பின்னரும் மன்னன் முன்னிலையில் அரங்கேறியே தலைக்கோல் பெற்றாள். அவையினும் நடுவுநிலையுடையது தம்பூரின் சுருதி. அது புகழ்வதுமில்லை, இகழ்வதுமில்லை.

ஆதலின், "உனக்குப் பாட்டு வாராது" என மாணவனுக்குத் தீர்ப்புக் கூறுமுன், ஆசிரியர் அவனைச் சுருதியோடு பலகாற் பாடுவித்தல் வேண்டும். மேடையில் நகைப்புக்கிடமான பாட்டை உலகம் மறந்துவிடும். வகுப்பறையில் வாயடைக்கப்பட்ட பிள்ளையோ வாழ்நாள் முழுதும் பாடான்.