மஞ்சள் ஏறிய கறுப்பு

கார்பன் ஃபைபர் பானெட்டை ஒரு சுற்று சுற்றி வந்தால் கறுப்பு இடம் மாறுவது தெரியும். இந்தப் பக்கம் நிற்கையில் வெள்ளி பூத்திருந்த கட்டம், இரண்டடி நகர்ந்ததும் இருண்டுவிடும். பக்கத்துக் கட்டம் விழித்துக்கொள்ளும். மயில்கழுத்துப் பட்டிலும் இந்த விளையாட்டு உண்டு. அங்கே பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம். இங்கே இரண்டுமே கரி. ஏறத்தாழ 7 மைக்ரான் தடிமனுள்ள இழைகள் 3,000 சேர்ந்து ஒரு பட்டை. அந்தப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ட்வில் நெசவில் பின்னுகிறார்கள். இழை ஓடும் திசைக்கு ஏற்ப ஒளி திரும்புகிறது, அவ்வளவுதான்.

இந்த அழகு நம் கண்ணுக்கு வந்து சேர வேண்டுமானால், நெசவின் மேல் படிந்த பிசினும் அதன் மேல் அடித்த கிளியர் கோட்டும் தெளிவாக இருக்க வேண்டும். அவை மஞ்சளித்து, வெளுத்து, செதில் செதிலாக உரிந்த பிறகு அந்த நெசவை மறுபடி வெளியே கொண்டுவருகிற கைவேலை ஒன்று இருக்கிறது. புதிய பானெட்டை அச்சில் வார்ப்பதை விட இதற்குக் கூடுதல் கண் வேண்டும் என்பது என் கட்சி.

கார் உலகுக்குக் கார்பன் வந்தது அழகுக்காக அல்ல. 1981இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1 பந்தயக் காருக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த ஹெர்குலிஸ் நிறுவனம் கார்பன் உடற்கூட்டைச் செய்து கொடுத்தது. எடை குறைய வேண்டும், முறுக்கினால் வளையக் கூடாது. கேட்டது அது மட்டும்தான். 2004இல் கார்வெட் இசட்06 காரின் சிறப்புப் பதிப்புக்கு செவர்லே கார்பன் பானெட் பொருத்தியபோதும் அதன் மேல் பெயின்ட் அடித்துத்தான் அனுப்பியது. பெயின்டுக்கு அடியில் இருக்கும் பிசினை வெயில் தொடாது. நெசவைத் திறந்து காட்ட ஆசைப்பட்டவர்களுக்குத்தான் சோதனை. கலிபோர்னியாவில் ஹோண்டா சிவிக் கார்களை அலங்கரித்த இளைஞர்கள் வாங்கிய பானெட்டுகளில் பெரும்பாலானவை, மேலே ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி, அடியில் வெறும் கண்ணாடி இழை என்ற கணக்கில் செய்தவை. இதைச் சொல்லிப் பலர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கேலி இல்லை. மரச்சாமானில் தேக்குத் தோலை ஒட்டுவதும் ஒரு கலைதானே. ஆனால் அந்த ஒற்றை அடுக்கின் தடிமன் கால் மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. பின்னால் வரும் எல்லாப் பதற்றத்துக்கும் இதுவே காரணம்.

கார்பன் இழையை வெயில் ஒன்றும் செய்வதில்லை. எப்பாக்ஸி பிசின்தான் புற ஊதாக் கதிரைக் குடித்து மஞ்சளிக்கிறது, நாளானால் சுண்ணாம்பாகப் பொடிகிறது. அதைத் தடுக்கத்தான் கிளியர் கோட்டில் கதிரை உறிஞ்சும் பொருளைக் கலக்கிறார்கள். அந்தப் பொருள் ஆண்டுக்கு ஆண்டு தீர்ந்துகொண்டே வரும். தீர்ந்த பின் கதிர் கிளியர் கோட்டைக் கடந்து பிசினின் மேல்தோலைத் தாக்கும். பிடிமானம் அடியில் அறுபடும். மேலே கண்ணாடிபோல இருக்கும் கோட்டு ஒருநாள் பாளமாகக் கிளம்புவது இதனால்தான். பாலிஷ் போட்டு இதைச் சரிசெய்யலாம் என்று நம்புகிறவர்கள் மீந்திருக்கும் கிளியர் கோட்டையும் தேய்த்துக் குறைத்துக்கொள்கிறார்கள். சூடு இன்னொரு எதிரி. மேலே வெயில், கீழே இன்ஜின். சூட்டில் பிசின் விரிகிறது. இழையோ நீளவாக்கில் ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. இந்த இழுபறியில், வழவழவென்று இருந்த மேற்பரப்பில் நெசவின் மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்படத் தொடங்கும்.

சரி, மீட்பது எப்படி? பெயின்ட் உரிக்கும் ரசாயனத்தைக் கையில் எடுக்கிறவரிடம் காரை விடாதீர்கள். அது கிளியர் கோட்டைத் தின்னும், பிசினையும் தின்னும். விஷயம் தெரிந்தவர் வாட்டர் பேப்பரையும் ஒரு தட்டையான கட்டையையும்தான் எடுப்பார். தூக்கிக்கொண்டு நிற்கும் செதில்களை பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி எடுத்துவிட்டு, 320 அல்லது 400 எண் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்க ஆரம்பிப்பார். உலோக பானெட் என்றால் பூச்சு எவ்வளவு மிச்சம் என்று சாதாரணக் கருவியே சொல்லிவிடும். அது உலோகத்தின் மேல் உள்ள பூச்சை அளக்கப் பிறந்த கருவி, கார்பனில் உதவாது. அல்ட்ராசோனிக் கருவி எல்லாப் பட்டறையிலும் இருக்காது. எனவே அவர் தண்ணீரைப் பார்க்கிறார். வழிந்து வரும் சேறு வெள்ளையாக இருக்கும்வரை தேய்படுவது கிளியர் கோட்டு. பழுப்பு தட்டினால் வெயில் சுட்ட பிசின். கறுப்பு தெரிந்தால் இழையைத் தொட்டாயிற்று. அங்கே கை நிற்க வேண்டும். அரை மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத ஒரு அடுக்கின் மேல், மஞ்சளை முழுக்க எடுக்கவும் வேண்டும், கறுப்பைத் தொடவும் கூடாது. மடிப்பிலும் ஓரத்திலும் கட்டையை ஒதுக்கிவிட்டு விரல் நுனியால் தேய்ப்பார்கள். முதலில் ஓட்டை விழுவது அங்கேதான். ஓட்டை விழுந்தால் அடியில் இருக்கும் கண்ணாடி இழை பல்லைக் காட்டும். அதற்கு மருந்து கிடையாது.

தேய்த்து முடித்த பானெட் பார்க்கச் சாம்பல் பூத்த பலகைபோல இருக்கும். வண்டிக்காரர் முகம் தொங்கிப்போகும். அப்போது ஈரத்துணியால் ஒரு துடைப்பு. தண்ணீர் படலம் நிற்கும் அந்தச் சில நொடிகள் நெசவு முழுதாக எழுந்து வரும். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த கட்டம் இது. வேடிக்கைக்காகத் துடைப்பதில்லை, ஈரத்திலும் வெள்ளையாகவே நிற்கும் இடங்களில் பிசின் உள்ளே செத்துவிட்டது அல்லது காற்றுக் குமிழ் இருக்கிறது என்று அர்த்தம். கிளியர் கோட்டு அதை மறைக்காது. அந்த இடங்களிலும் ஊசிமுனைத் துளைகளிலும் எப்பாக்ஸியை மெல்ல இழுத்துப் பூசி, இறுகவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். பாதிப் பட்டறைகள் இந்த வேலையைத் தாண்டிக் குதிக்கின்றன. ஆறு மாதத்தில் துளைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு ஹார்டனர் கலந்த யுரேதேன் கிளியர் கோட்டு, இரண்டு மூன்று முறை. அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. காற்றுக் குழாய் பொருத்திய முகமூடி இல்லாமல் அடிப்பவரின் துணிச்சலை நான் மெச்சுவதில்லை. காய்ந்ததும் 1500, 2000, 3000 எனத் தாள் மாற்றி, கடைசியில் கம்பவுண்ட். நல்ல வேலையைப் பளபளப்பால் அளக்கக் கூடாது, அது எல்லாருக்கும் வரும். ஆழத்தைப் பாருங்கள். நெசவு பரப்பின் மேலேயே ஒட்டியதுபோல் நிற்காமல், தெளிந்த ஒன்றுக்கு அடியில் கிடப்பதாகத் தோன்ற வேண்டும். ஓரத்திலும் நடுவிலும் அந்த ஆழம் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

ஸ்வீடனின் கோனிக்செக் நிறுவனம் கிளியர் கோட்டே இல்லாமல், நெசவை மூடிய மெல்லிய பிசினையும் கையால் தேய்த்தெடுத்து ‘நேக்கட் கார்பன்’ என்று கொடுக்கிறது. தொட்டால் இழையே விரலில் படும். உயர்ந்த வேலைதான், ஆனாலும் எனக்குக் கிளியர் கோட்டுக்கு அடியில் கிடக்கும் நெசவுதான் பிடிக்கும். கார்பன் மாதிரி அச்சடித்த வினைல் ஸ்டிக்கரைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

பழைய கார்பன் பானெட் வாங்கப் போகிறவர்கள் வண்டியை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொட்டகை விளக்கில் மஞ்சள் தெரியாது. மடிப்புகளை நகத்தால் வருடிப் பாருங்கள், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், இதற்கு முன் யாராவது தேய்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒற்றை அடுக்கு பானெட் ஒரு மீட்பைத் தாங்கும், கை நன்றாக இருந்தால் இரண்டு. அதற்கு மேல் பெயின்ட்தான்.