இரண்டு நாள் வெளிநாடு: சலுகை டிக்கெட்டின் முழுக் கணக்கு

வடபழனியில் ஆற்காடு சாலைக்கும் நூறடிச் சாலைக்கும் இடைப்பட்ட தெருக்களில் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் நிறைய. பொறியியல் படிப்பவர்கள், அனிமேஷனும் படத்தொகுப்பும் கற்பவர்கள், எந்த ஸ்டூடியோவிலாவது பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு இவர்களுடைய கனவுப் பயணம் கோவாவாக இருந்தது. இப்போது வெள்ளி இரவு கிளம்பி, கோலாலம்பூரையோ பாங்காக்கையோ பார்த்துவிட்டு, திங்கள் காலை வகுப்பில் உட்கார்ந்துவிடலாம் என்ற நிலை வந்திருக்கிறது. பெரியவர்கள் இதை வெட்டிச் செலவு என்கிறார்கள். போய் வந்தவர்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் கணக்கு பாதிதான் இருக்கிறது.

இந்தப் பழக்கம் பிறக்க வழிசெய்தவை பெரும்பாலும் அரசாணைகள். தாய்லாந்து 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்றது. மலேசியா டிசம்பர் 1 முதல் அதே சலுகையை 30 நாள் தங்கலுக்கு அளித்து, பின்னர் அதை 2026 இறுதிவரை நீட்டித்தது. வடபழனிக்காரருக்கு இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. பாஸ்போர்ட் சேவா கேந்திரா பக்கத்திலேயே சாலிகிராமத்தில் இருக்கிறது. 2015 ஜூன் 29 அன்று சென்னையில் முதல் மெட்ரோ ஓடிய கோயம்பேடு – ஆலந்தூர் தடத்தில் வடபழனி நிலையமும் ஒன்று. அடுத்த ஆண்டு செப்டம்பரில் விமான நிலையம்வரை மெட்ரோ போனதும், ஆலந்தூரில் வண்டி மாறினால் முதுகுப் பையோடு நேராக விமானத்துக்குப் போய்விடலாம் என்றானது. சிங்கப்பூர் மட்டும் இந்தப் போட்டியில் பின்தங்கிவிட்டது. அங்கே போக அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விசா எடுக்க வேண்டும். ஆளுக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி கட்டணம். விமான நிலையத்திலிருந்து ரயிலேறி அரை மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஊருக்குள் போய்விடக்கூடிய, இரண்டு நாளில் நிறைவாகப் பார்க்கத்தக்க அந்த நகரம் விசாவாலும் அறை வாடகையாலும் மாணவர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது.

முதல் குறை இங்கேதான் தொடங்குகிறது. ஊரைத் தேர்ந்தெடுப்பது பயணிகள் இல்லை, அந்த வாரம் எங்கே டிக்கெட் மலிவோ அதுதான் தேர்ந்தெடுக்கிறது. கோலாலம்பூரையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு. மலேசிய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானம் விடியற்காலையில் இறங்கும்போது உடம்புக்கு இன்னும் இரவு மூன்றரைதான். விமான நிலையம் இருப்பது நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். விரைவு ரயில் அரை மணியில் கொண்டுபோய்விடும், ஆனால் அதற்கு 55 ரிங்கிட்; ஒரு ரிங்கிட்டை இருபது ரூபாய் என்று வைத்தால் போகவர இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். மாணவர்கள் பேருந்தில் ஏறுகிறார்கள், சாலை நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. ஹாஸ்டலில் அறைச் சாவி கிடைக்கப் பிற்பகல் இரண்டு மணி. அதுவரை பையை வரவேற்பறையில் போட்டுவிட்டு, தூங்காத கண்ணோடு ஊர் சுற்ற வேண்டும். ஞாயிறு இரவு விமானத்துக்கு மாலை ஐந்து மணிக்கே நகரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். கூட்டிக் கழித்தால் ஊருக்கென்று விழித்திருக்கும் நேரம் ஒரு பகலும் இன்னொரு பகலின் பெரும்பகுதியும். அதற்குள் இரட்டைக் கோபுரம், பத்து மலை, கெந்திங் மலை மூன்றையும் அடைத்துப் பட்டியல் போட்டால் பெரும்பொழுது சாலையிலும் வரிசையிலும் போகும்.

வார இறுதிப் பயணம் என்ற இந்த வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே விமானப் போக்குவரத்துச் சந்தை 1997இல் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. ஷெங்கன் நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை வழக்கமாக இல்லை. எராஸ்மஸ் திட்டம் 1987 முதல் மாணவர்களை அண்டை நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவருகிறது. பார்சிலோனாவில் படிக்கும் பெண் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இன்னொரு நாட்டில் இறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் நிற்காமல் வெளியே நடக்கிறாள். அவள் போடும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு அதே அளவுச் சட்டையை நாமும் போட்டுக்கொள்கிறோம். நமக்கு இருப்பது நடுவே வங்காள விரிகுடா, இரண்டு முனையிலும் குடியகல்வு வரிசை, கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை.

பணத்துக்கு வருவோம். டிக்கெட்டில் ஏமாற்று எதுவும் இல்லை, விதிகள் எல்லாம் எழுதியே இருக்கின்றன. ஏழு கிலோ கைப்பைக்கு மேல் போனால் கட்டணம், இருக்கை தேர்ந்தெடுத்தால் கட்டணம், சாப்பாட்டுக்குக் கட்டணம். மலேசியாவில் 2017 முதல் வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. அறைக்குத்தான், ஆளுக்கு இல்லை என்பதால் நான்கு பேர் ஓர் அறையில் தங்கினால் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஐந்தாவது ஆள் சேர்ந்தவுடன் கணக்கு உடையும். சாதாரண கிராப் காரில் நால்வருக்குத்தான் இடம், ஐவருக்கு இரண்டு கார். வங்கி அட்டையை அங்கே தேய்த்தால் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. முகவரிடம் தொகுப்பாக வாங்கினால் 2020 அக்டோபர் முதல் வரி முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. அதைத் திரும்பப் பெற வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். வருமானமே இல்லாத மாணவர்களில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? டிக்கெட்டையும் அறையையும் தனித்தனியே தாங்களே எடுப்பவர்களுக்கு இந்தப் பிடித்தம் இல்லை. இதுவரை பாஸ்போர்ட்டே இல்லாதவருக்கு முதலில் 1,500 ரூபாய், தட்கலில் என்றால் கூடுதலாக 2,000. சொந்த ஊர் தேனியோ அரியலூரோ என்றால் எந்த முகவரியைக் கொடுப்பது, போலீஸ் விசாரணைக்கு எந்த ஊரில் இருப்பது என்ற அலைச்சல் வேறு.

இவையெல்லாம் தாங்கக்கூடியவை. எனக்கு உறுத்துவது நண்பர்களுக்குள் நடக்கும் பங்கீடு. மொத்தச் செலவை ஆட்களால் வகுத்து எல்லோருக்கும் சமம் என்பது இந்தப் பயணங்களின் எழுதாத சட்டம். அப்பாவின் கிரெடிட் கார்டு கையில் இருக்கும் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறார். அந்த நிமிடமே மற்றவர்கள் அவருக்குக் கடன்காரர்கள். ஊரைப் பற்றிய முடிவும் அவர் பக்கம் சாய்கிறது. குழுவில் கையிருப்பு குறைந்தவர் வாய்திறப்பதில்லை. வரமாட்டேன் என்றால் நட்பு போய்விடுமோ என்று பயந்து டியூஷன் எடுத்துச் சேர்த்ததையோ, அக்காவிடம் வாங்கியதையோ கட்டுகிறார். அங்கே போனபின் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் “எனக்குப் பசிக்கல மச்சான், நீங்க சாப்பிடுங்க” என்கிறார். இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏற டிக்கெட் எடுக்காமல் கீழேயே நின்று, எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொள்கிறார். வகுத்தல் கணக்குப்படி எல்லோரும் ஒரே தொகை கொடுத்தார்கள். அவர் கொடுத்தது மூன்று மாதச் செலவுப் பணம்.

இதற்கு மாற்று இருக்கிறது, கடினமும் இல்லை. ஊரை முடிவு செய்வதற்கு முன் ஒவ்வொருவரும் எவ்வளவு முடியும் என்று ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட, அதில் மிகக் குறைந்த தொகைக்கு எந்த ஊர் அமையுமோ அந்த ஊருக்குப் போவது. அந்தத் தொகைக்குக் கோலாலம்பூர் வராமல் போகலாம். போகட்டும்; நால்வரும் ஒரே மேசையில் சாப்பிடக்கூடிய ஊராக இருந்தால் போதும்.

இத்தனை குறை சொன்ன பிறகும் இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இருபது வயதில் சொந்தக் காலில் ஒரு நாட்டின் எல்லையைக் கடப்பது பெரிய படிப்பு. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1926 முதல் 1973 வரை பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ரஜூலா கப்பலில், மேல்தளத்தில் பாய் விரித்து நாள்கணக்காகப் போனவர்களில் பலர் பிழைப்பு தேடிப் போனவர்கள். அந்தத் தலைமுறைக்குக் கடல் கடப்பது என்றால் வேலை, பிரிவு, மணியார்டர். திரும்பி வருவோம் என்ற உறுதியோடு, வேலைக்காக இல்லாமல், பார்ப்பதற்காக மட்டும் ஒரு கூலித் தொழிலாளியின் பேரன் அதே கடலைத் தாண்டுகிறான் என்றால் அது சமூகத்தில் நடந்த உண்மையான மாற்றம். அதை ஊதாரித்தனம் என்று ஒதுக்குவது தவறு.

பார்க்கத் தெரிந்தால் பார்க்க நிறைய இருக்கிறது. வடபழனி ஆண்டவர் கோயில் 1890 வாக்கில் ஒரு கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் கோலாலம்பூர் வணிகர் தம்புசாமிப் பிள்ளை பத்து மலைக் குகையில் முருகனுக்கு வழிபாடு தொடங்கினார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. 272 படிகளுக்கும் 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் சிலைக்கும் முன்னால் படம் எடுத்துக்கொண்டு உடனே பேருந்து பிடிப்பவர்கள்தான் அதிகம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு மாலை முழுக்க நடந்து, சாப்பாட்டுக்கடைக்காரரிடம் தாத்தா எந்த ஊர் என்று கேட்கும் மாணவருக்கு, பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாகக் கடந்துபோன ரப்பர்த் தோட்ட வரலாறு முகத்தோடும் குரலோடும் எதிரே வரும். இரண்டு நாளில் நாலு இடம் என்ற பட்டியல் அந்த மாலையைத்தான் முதலில் வெட்டுகிறது.

ஆபத்துகளைச் சொல்லாமல் விட முடியாது. சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடிக்கும் உயர்ரக கஞ்சா வழக்குகளில் பாங்காக்கிலிருந்து வருபவர்கள் திரும்பத் திரும்பச் சிக்குகிறார்கள். டிக்கெட்டும் தங்கலும் இலவசம், வரும்போது ஒரு பையை மட்டும் கொண்டுவா என்று சொல்லும் ‘குருவி’ வலைக்குப் பணமில்லாத மாணவர்தான் சுலப இரை. இலவச டிக்கெட் தருகிறேன் என்று அறிமுகமில்லாத யார் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். பாங்காக் கடைகளில் 2022க்குப் பிறகு கஞ்சா வெளிப்படையாக விற்கப்பட்டது என்பதற்காக அது இந்திய மண்ணில் குற்றமில்லை என்று ஆகிவிடாது. மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடைசெய்யப்பட்டது, தாய்லாந்திலும் தடை உண்டு. தாய்லாந்து வழியாக மியான்மரின் மியாவடிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்ட தமிழக இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டார்கள். அதன்பிறகு குடியகல்வு அதிகாரி ஓர் இளைஞரை நிறுத்தி, திரும்பும் டிக்கெட் எங்கே, எங்கே தங்குகிறாய், செலவுக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டால் அதில் கோபப்பட ஒன்றுமில்லை. இவற்றுக்கான சான்றுகளை அச்சடித்துக் கையில் வைத்திருப்பது நல்லது.

பெண்களைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் பெண்களாக இருந்தாலும் இந்தப் பயணக் குழுக்களில் அவர்கள் சொற்பம். திங்கள் காலை திரும்பிவிடும் இரண்டு நாள் பயணத்துக்குக்கூட மகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும் அனுமதி மகளுக்கு மூன்று வாரப் பேச்சுவார்த்தையிலும் கிடைப்பதில்லை. அங்கே சித்தி வீடு இருந்தால், பெண்கள் மட்டும் தங்கும் டார்ம் என்றால், பகலில் இறங்கும் விமானம் என்றால் சில அப்பாக்கள் இறங்கி வருகிறார்கள். நள்ளிரவு விமானம் மலிவாக இருப்பதால் அதையே எடுக்கும் பழக்கம், இருக்கும் கொஞ்சம் சம்மதத்தையும் கெடுக்கிறது. கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு இறங்கும் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் குழுவில்தான் பெண்களும் வருகிறார்கள்.

அப்படிப் பார்த்தால் சென்னைக்காரரின் வார இறுதிக்கு அமைந்த வெளிநாடு இலங்கை. கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. கட்டுநாயக்கவிலிருந்து நகரம் முப்பது கிலோமீட்டரை ஒட்டிய தூரம். இணையவழி முன்அனுமதி விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரி முதல் அங்கே கடைகளில் யு.பி.ஐ. வழியே பணம் செலுத்தும் வசதியும் தொடங்கியிருக்கிறது. காலையில் புறக்கோட்டைச் சந்தை, செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், மாலையில் காலிமுகத் திடல், இரவில் வெள்ளவத்தை. இரண்டு நாளுக்கு இது அளவான ஊர்.

யாழ்ப்பாணத்துக்கும் சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். 1981 ஜூனில் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்து நிற்கும் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குள் ஒரு மாணவர் கால் வைத்தால் அவர் எந்தத் துறை படிப்பவராக இருந்தாலும் அது அவருக்குத் தேவைப்படும் அனுபவம். அங்கிருப்பவர்கள் இழந்ததைக் காட்சிப்பொருளாக்கி ரீல்ஸ் எடுக்காமல் இருக்கும் அடக்கமும் தேவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தன் வயதுக்காரர் ஒருவரோடு தேநீர் குடித்துப் பேசக் கிடைத்தால், வடபழனி ஸ்டூடியோக்களில் எடுத்த படங்களைப் பற்றி நம்மைவிட அதிகம் சொல்வார்.

கப்பலை நம்பிப் போகிறவர்கள் வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிர்க்க வேண்டும். கடல் கொந்தளித்தால் சேவை ரத்தாகும், திங்கள் வகுப்பும் போகும். சென்னையிலிருந்து நாகைக்கு இரவு ரயில், பிறகு கப்பல், திரும்ப அதே வழி என்றால் சனி, ஞாயிறு மட்டும் போதாது. மூன்று நாள் விடுமுறை வேண்டும், கப்பல் எந்தெந்த நாள் ஓடுகிறது என்றும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் போகும்போதாவது விமானத்தை எடுப்பது சரி.