40-இல் முனகும் காமெட்

ஆறு வாரமாக ஒரு பழைய லேலண்ட் காமெட் என்னிடம் இருக்கிறது. 1978 பதிவு. ஆம்பூர் தோல் ஷாப்புக்கும் சென்னை பெரியமேட்டு மண்டிக்கும் இடையே ஆயுளைக் கழித்த லாரி. இன்ஜின் எப்படி, ஸ்டீயரிங் எவ்வளவு கனம், வேலூர் வெயிலில் கேபினுக்குள் என்ன நடக்கும் என்பதெல்லாம் அந்தக் காலத்து லாரி எதில் ஏறியவருக்கும் தெரிந்த கதை. விட்டுவிடுகிறேன். இந்த ஆறு வாரமும் என் தூக்கத்தைத் தின்றது ஒரே ஒரு சத்தம்.

40 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் தரைத் தகட்டுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் எழும். 35-இல் கிடையாது. 50-இல் கரைந்துபோகும். பாரம் இல்லாமல் போனால் பற்கள் அதிரும். பாரம் ஏற்றினால் பாதியாக அடங்கும். வாணியம்பாடி முதல் பேரணாம்பட்டு வரை ஏறி உட்கார்ந்து கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே தீர்ப்பு: “ஹவுசிங் போச்சு. கிரவுன் பினியனை மொத்தமா மாத்திடுங்க.” இந்த ‘மொத்தமா’ என்ற சொல்லின் மேல் எனக்குத் தீராத கோபம். காது கேட்பதற்கு முன் வாய் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கோபம் இருந்தும், பயத்தில் நானும் ஒரு கிரவுன் பினியன் செட்டை வாங்கி வந்து வைத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆம்பூரில் புளியமரத்தடியில் பட்டறை போட்டிருக்கும் ஒரு பெரியவர்தான் தடுத்தார்.

“ஹவுசிங்கத் தொறக்காதீங்க சார். 40-ல போறப்போ நியூட்ரல் பண்ணிப் பாத்தீங்களா?”

“இல்ல பாய்.”

“அப்புறம் எப்பிடி ஹவுசிங்னு சொல்றீங்க?”

மாதனூர்ப் பக்கம் ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் ஒரு காலைப்பொழுது முழுக்க இதே வேலை. நியூட்ரலில் விட்டு உருளவிட்டோம். முனகல் அப்படியே இருந்தது. ஆக இன்ஜினும் கிளட்சும் குற்றவாளிகள் இல்லை. அதே 40-ஐ மூன்றாம் கியரில், நான்காம் கியரில், டாப்பில் பிடித்தோம், சுருதி மாறவில்லை. கியர் பாக்ஸின் அடித்தண்டு பேரிங் என்றால் கியருக்குக் கியர் குரல் மாறியிருக்கும். கடைசியாக ஆக்சிலேட்டரை மிதித்து ஒரு முறை, விட்டு ஒரு முறை. கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் இழுக்கும்போது ஒரு குரல், விடும்போது வேறொரு குரல். பல்லின் ஒரு பக்கம் தேய்வதும் மறுபக்கம் தேய்வதும் ஒன்றல்ல. இங்கே இரண்டிலும் ஒரே குரல். மிஞ்சியது நடுவில் நீளமாகத் தொங்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மட்டும்.

பாய்க்கு இது போதும். எனக்குப் போதவில்லை. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலி என் போனில் இருந்தது. போனுக்குள் இருக்கும் அதிர்வு உணரியை வைத்து நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று கோடு போட்டுக் காட்டும். போனைத் தரைத் தகட்டில் இறுக்கி ஒட்டினேன். சாக்பீஸால் டயரில் ஒரு கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. வண்டியைத் தள்ளிப் பார்த்தால் டயர் ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர் நகர்கிறது. அதற்குள் ஷாஃப்ட் ஆறு சுற்றைச் சற்றே தாண்டுகிறது. கணக்குப் போட்டால் 40 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு மூன்றரைச் சுற்று, ஷாஃப்ட் ஏறக்குறைய 21. கோடு எகிறி நின்ற இடம் 43. அதாவது ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு உதை. தாளை பாயிடம் நீட்டினேன். பார்க்காமலே “கிராஸ்தானே?” என்றார்.

கிராஸ் ஜாயிண்டின் குணம் அது. வளைந்த நிலையில் சுற்றும்போது ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ஒரு முனையின் குளறுபடியை மறுமுனையின் கிராஸ் சரிக்கட்டிவிடும், இரண்டு கவைகளும் ஒரே வரிசையில் நின்றால். அதற்காகத்தான் சறுக்கிச் செல்லும் பல்வரிசையில் இரண்டு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்பும் அம்பும் நேராக நிற்க வேண்டும்.

கீழே படுத்துப் பார்த்தோம். ஊசிகள் காய்ந்து செந்தூள் கொட்டியிருக்கவில்லை. கிராஸ் இரண்டும் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் அம்புகளைக் காணோம். உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றும் வண்டி. ஒழுகும் உப்புநீர் சேஸிஸைத் தின்னாமல் இருக்க முந்தைய உரிமையாளர் கறுப்புப் பெயிண்டை வாரி வாரிப் பூசியிருக்கிறார். கிரீஸ் நிப்பிளும் அந்தக் கறுப்புக்கு அடியில். நிப்பிளை மூடிப் பெயிண்ட் அடிப்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத எனக்கு ஆத்திரம் இருக்கிறது. சுரண்டியதும் அம்புகள் தெரிந்தன, ஒன்று வடக்கே, ஒன்று கிழக்கே. எப்போதோ சென்டர் பேரிங் மாற்றிய யாரோ, கழற்றிய ஷாஃப்டைக் கண்ட பல்லில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாரம் ஏற்றினால் அடங்கியதற்கும் காரணம் புரிந்தது: பட்டை அமுங்கி, ஷாஃப்டின் சாய்வு குறைகிறது.

எங்கள் வீடு லேலண்ட் கட்சி. ஆஸ்டின் காருக்காக 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆன கதையை அப்பா குலப்பெருமை போலச் சொல்வார். மாமா வீடு பென்ஸ் கட்சி. டாடாவுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் 1954-இல் போட்ட ஒப்பந்தம் 1969-இல் முடிந்த பிறகும் அவருக்கு அது பென்ஸ் லாரிதான். முனகலைக் கேட்டுச் சிரித்தவர்களில் முதல் ஆள் அவர். போன வாரம் வேலூர் வரை ஏற்றிப் போனேன். 40-இல் ஒன்றும் பேசவில்லை, வண்டியும், மாமாவும்.

ஷாஃப்டை இறக்கி, திருப்பி, சொருக ஒரு மணி நேரம். புதுச் சாமான் என்று எதுவும் தேவைப்படவில்லை. அம்புகளுக்கு மஞ்சள் பூசியிருக்கிறேன். கிரவுன் பினியனைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். அதே காலத்துக் காமெட் வைத்திருப்பவர் யாருக்காவது வேண்டுமானால் வாங்கியதில் பாதி விலைக்குத் தருகிறேன். கிரீஸ் தாள்கூடப் பிரிக்கவில்லை.