தலைக்கு ஒரு டாலர், லிட்டருக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் மாடு கை மாறும் ஒவ்வொரு முறையும் விற்கிறவர் ஒரு டாலர் கட்டணும். கன்றாக விற்றால் ஒரு டாலர். அதை வாங்கி வளர்த்தவர் மறுபடி விற்றால் இன்னொரு டாலர். இதுக்கு அவங்க ஊரில் ‘செக்காஃப்’ என்று பேர். 1985இல் சட்டம் வந்தது. 1988இல் மாடு வளர்ப்போரிடம் வாக்கெடுப்பு நடந்து கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அன்றிலிருந்து கட்டாயம். பணம் அரசுக் கஜானாவுக்குப் போகாது. சுமாராகப் பாதி மாநில வாரியத்துக்கு, பாதி தேசிய வாரியத்துக்கு. மாட்டிறைச்சியை விளம்பரப்படுத்துவது, அதுபற்றி ஆராய்ச்சி செய்வது, இவ்வளவுதான் வேலை.

இதை பொன்னமராவதியில் உட்கார்ந்துகொண்டு ஏன் படிக்கணும்? அங்கே மாடு இறைச்சிக்கு, இங்கே பாலுக்கு. இருந்தாலும், வளர்க்கிறவன் பேரில் பிடிக்கிற காசை யார் செலவு செய்கிறார்கள் என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொது. அங்கே 30 வருஷத்துக்கு மேலாக அடித்துக்கொள்கிறார்கள். இங்கே சத்தமே இல்லை. அந்த அமைதி நல்லதுக்கா என்பதுதான் என் சந்தேகம்.

முதலில் அவங்க சண்டை. தேசிய வாரியம் விளம்பரத்தைத் தானே எடுப்பதில்லை, ஒப்பந்தக்காரர்களிடம் கொடுக்கிறது. அதில் பெரிய ஒப்பந்தக்காரர் தேசிய மாட்டிறைச்சி வளர்ப்போர் சங்கம். 1996இல் பழைய வளர்ப்போர் சங்கமும் விளம்பரம் செய்துவந்த அமைப்பும் இணைந்து உருவானது இது. செக்காஃப் காசில் அரசியல் ஆதரவு திரட்டக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் இந்தச் சங்கத்தின் இன்னொரு முக்கிய வேலையே வாஷிங்டனில் ஆதரவு திரட்டுவதுதான். கேட்டால், இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு என்பார்கள். ஒரே சர்வரில் இரண்டு டேட்டாபேஸ் வைத்து, இரண்டுக்கும் அட்மின் பாஸ்வேர்டை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு ‘தனித்தனிதான்’ என்று சொல்வது மாதிரி. 2010இல் நடந்த தணிக்கையில், செக்காஃப் கணக்கில் எழுதக் கூடாத செலவுகள் எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. சங்கம் 2 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டியது.

இதைவிட விசித்திரம் 2005ஆம் வருஷ உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சில வளர்ப்போர் கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் வளர்ப்பது அமெரிக்க மாடு, விளம்பரமோ பொதுவாக ‘மாட்டிறைச்சி சாப்பிடுங்கள்’ என்கிறது, அதில் இறக்குமதிச் சரக்கும் சேர்ந்து விற்கிறது. எங்களுக்கு உடன்பாடில்லாத பேச்சுக்கு எங்களிடமே காசு வாங்குவது பேச்சுரிமைக்கு விரோதம் இல்லையா? (இறக்குமதியாளரும் அதே கட்டணம் கட்டுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நீதிமன்றம் 6-3 என்று பிரிந்து, இது அரசாங்கத்தின் பேச்சு, அதனால் பேச்சுரிமைப் பிரச்சினையே எழவில்லை என்றது. விளம்பரத்தின் அடியிலோ ‘அமெரிக்க மாட்டிறைச்சி உற்பத்தியாளர்கள் நிதியில்’ என்று போட்டிருந்தது. காசு விவசாயியுடையது, கையெழுத்து விவசாயியுடையது, பேச்சு மட்டும் அரசாங்கத்துடையது.

சரி, விளம்பரத்தால் பலன் உண்டா? 2014இல் கார்னெல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் செய்த ஆய்வை வாரியம் பெருமையாகக் காட்டியது: செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 11.20 டாலர் தொழிலுக்குத் திரும்பியது. அந்த ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது வாரியமேதான். அதற்காகக் கணக்கு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘தொழில்’ என்கிற சொல்லுக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள்? கொழுக்க வைத்த மாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் வாங்கி அறுப்பது நான்கே கம்பெனிகள். தேவை கூடினால் அதன் லாபம் முதலில் நிற்கும் இடம் அது. கன்று விற்கிறவன் கைக்கு அந்த 11.20இல் எவ்வளவு வந்தது என்பது இந்தச் சராசரிக்குள் தெரியாது. சராசரியை வைத்து வாதாடுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

ஆஸ்திரேலியாவில் கொஞ்சம் தேவலை. தலைக்கு 5 டாலர் வரி, அதில் 3.66 விளம்பரத்துக்கு, 0.92 ஆராய்ச்சிக்கு, மிச்சம் கால்நடை நலத்துக்கும் எச்சப் பொருள் சோதனைக்கும் என்று சென்ட் வரை பிரித்துப் போட்டிருந்தார்கள். அங்கேயும் சண்டை வந்தது, 2014இல் செனட் குழு விசாரித்தது. விசாரிக்க ஒரு எண் இருந்தது, அதுதான் விஷயம்.

இப்போ நம்ம ஊர். மாட்டுச் சந்தைக்குப் போனால் தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் உண்டு. உள்ளாட்சி ஏலம் விடும், குத்தகைதாரர் வசூலிப்பார். அது இடத்துக்கான வாடகை, விளம்பரக் கட்டணம் இல்லை. முட்டைக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1982இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பண்ணையாளர்களின் சந்தாவில் முட்டையை விளம்பரம் செய்கிறது. நாமக்கல்காரர்களுக்குத் தெரிந்த கதை.

பால்தான் சிக்கல். நம்ம பக்கம் இரண்டு மாடு, மூணு மாடு வைத்திருக்கிறவர் காலையில் சங்கத்தில் ஊற்றிவிட்டு வாங்கும் சீட்டில் லிட்டர், கொழுப்பு, இதர சத்து, விலை, தொகை இருக்கும். தீவனக் கடன் இருந்தால் பட்டுவாடாவில் கழியும். விளம்பரத்துக்கு என்று ஒரு வரி கிடையாது. அதனால் விளம்பரத்துக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை என்று அர்த்தமா? ஆவின் என்பது கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், சென்னையில் இணையம் என்று மூன்று அடுக்கு. சட்டப்படி உடைமையாளர் பால் ஊற்றுகிறவர். ஆவின் பலகை எங்கே நின்றாலும் அது விற்ற பாலின் காசு, அதாவது அவருக்கு வந்திருக்கக்கூடிய காசு.

விலையோ அவர் கையில் இல்லை. 2021 மே மாதம் விற்பனை விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது அரசு அறிவிப்பு. 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் 32இலிருந்து 35 ஆனதும் அரசு அறிவிப்பு. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய், அதுவும் அப்படியே. எல்லாமே மேலிருந்து. அதே 2023 மே மாதம் அமுல் இங்கே கொள்முதல் செய்ய வந்தபோது, அது ஆவின் எல்லைக்குள் வருகிறது என்று முதல்வர் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கூட்டுறவுக்காகப் பேசியது சரிதான். ஆனால் அமுல் தரப்பில், விற்றுமுதலில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் விளம்பரத்துக்குப் போகிறது என்று பல வருஷமாகப் பேட்டிகளில் சொல்லி வந்திருக்கிறார்கள். நம்பலாம், நம்பாமலும் போகலாம்; பிடித்துக் கேட்க ஒரு எண் இருக்கிறது. அதற்குச் சமமான ஒரு வரி நம்ம சங்கத்துச் சீட்டில் ஏன் வரக் கூடாது?

இன்னொன்று. 1983ஆம் வருஷ தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி, சங்கத்தின் நிகர லாபத்தில் ஒரு பங்கு கூட்டுறவு ஆராய்ச்சி வளர்ச்சி நிதிக்கும், ஒரு பங்கு கூட்டுறவுக் கல்வி நிதிக்கும் போகணும். நம்மிடம் இருக்கிற செக்காஃப் இதுதான், பேர்தான் வேறே. உறுப்பினரின் போனஸுக்குப் போயிருக்கக்கூடிய பணம் ‘வளர்ச்சி’ என்ற பேரில் மேலே போகிறது. இது தப்பு என்று சொல்லவில்லை. அமெரிக்காக்காரன் ஒரு டாலரைக் கண்ணால் பார்த்துக் கட்டுகிறான், அதனால் கோபப்பட அவனுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. இங்கே லாபமாக மாறி, பங்காகப் பிரிந்து, நிதியாகப் போய்ச் சேரும்போது அது தன் காசு என்கிற ஞாபகமே யாருக்கும் இருக்காது.

சங்கத்துப் பொதுப் பேரவையில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது கையெழுத்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற உறுப்பினர்கள் அடுத்த முறை இந்த மூன்றை மட்டும் கேட்டால் போதும். போன வருஷம் நம்ம லாபத்திலிருந்து அந்த இரண்டு நிதிகளுக்கும் எவ்வளவு போனது? அதில் நம்ம ஒன்றியத்துப் பக்கம் என்ன திரும்பி வந்தது? ஒன்றியமும் இணையமும் விளம்பரத்துக்குச் செலவழித்தது நாம் ஊற்றிய லிட்டருக்கு எத்தனை பைசா? ‘அது மெட்ராஸ் கணக்கு’ என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.