டேமியனின் நாயும் பைரவரின் நாயும்

ரிச்சர்ட் டோனரின் ‘தி ஓமன்’ (1976) படத்தில் கொம்பு முளைத்த பேய் எதுவும் வராது. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷம் 13:18 மிருகத்தின் எண்ணாகச் சொல்லும் 666 டேமியன் என்ற சிறுவனின் தலைமுடிக்கடியில் இருக்கிறது, அவ்வளவுதான். புகைப்படம் ஒன்றில் ஒரு பாதிரியாரின் மேல் ஈட்டிபோல ஒரு கோடு விழுகிறது. பிறகு தேவாலய உச்சியிலிருந்து பெயர்ந்து விழும் கம்பி அவர் உடலைத் துளைக்கிறது. நடக்கப்போவதை முன்பே காட்டிவிட்டு நம்மைக் காக்கவைக்கும் அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் லத்தீன் வழிபாட்டுப் பாடலைத் தலைகீழாக்கிச் சாத்தானுக்குப் பாடவைத்தார். படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அந்தச் சிறுவனுக்குக் காவலாகக் கறுத்த ராட்வைலர் நாய் வரும். தர்மபுரிக்காரர்களுக்கு அங்கேதான் இடறும். அவர்கள் ஊர்ப் பக்கத்து அதியமான்கோட்டைக் காலபைரவருக்கு நாய்தான் வாகனம். காலத்தை ஆளும் அந்த உக்கிர தெய்வத்திடம் தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணி விளக்கேற்றிக் காப்பு கேட்கிறார்கள். முடிவைப் பற்றிய அச்சமே இங்கே கும்பிடும் பொருளாகிவிட்டது. அதனால் படத்தின் நாய் என்னை மிரட்டுவதில்லை. கோல்ட்ஸ்மித்தின் அந்தச் சேர்ந்திசைதான் இன்றும் மிரட்டுகிறது.